ரசமட்டம்

அப்பா கொத்தனார். அவர் சைக்கிளில் தொங்கும் சாக்குப் பைக்குள் கரண்டி, மணியாசுக் கட்டை, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் கிடக்கும். மற்றதைத் தொட்டால் அடி விழும். ரசமட்டத்தை மட்டும் சின்ன வயதில் என் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி, பலகையை எப்படிச் சாய்த்தாலும் மேடான பக்கம் ஓடும். திண்ணை, அம்மி, ஆட்டுக்கல், தூங்குகிற அப்பத்தாவின் நெற்றி என்று எங்கெல்லாமோ வைத்துப் பார்த்திருக்கிறேன்.

1996, மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. கிணற்றடியில் சவரக் கண்ணாடியை மாட்டி இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்ததிலிருந்து அந்தக் கண்ணில் எல்லாமே செம்புகைக்குள் இருந்தது. அரை மணி நேரம் நடமாடிய பிறகு மேல்பாதி கொஞ்சம் தெளிந்தது. வெள்ளை விழியில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர் பார்த்தால் தூக்கம் பத்தவில்லை என்பார். ஆனால் கருவிழிக்குள், அடிப்பக்கமாக, ஒரு கோடு. கோட்டுக்கு மேலே என் வழக்கமான பழுப்பு நிறம். கீழே ரத்தம். நூல் பிடித்தாற்போல் நேரான கோடு. தலையைத் தோள் பக்கமாகச் சாய்த்து அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கோடு மெல்ல நகர்ந்து, மறுபடி தரைக்கு இணையாக வந்து நின்றது.

பல் துலக்க வந்த அப்பா தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகு நேரம் பார்த்தார்.

"ரசமட்டம் மாதிரில்லடா நிக்குது" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். விருதுநகர் பக்கம் எங்கள் ஊரில் ஷட்டில் கோர்ட் என்றால் அது ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கி. சிமென்ட் தரை, தகரக் கூரை, நான்கு டியூப் லைட். தரையில் சுண்ணாம்புக் கோடு. மாதம் ஆளுக்கு முப்பது ரூபாய் போட்டு, பெரிய ஊர் கிளப்புகளில் அடித்துக் கழித்த இறகுப் பந்துகளை டப்பா கணக்கில் வாங்கி வருவோம். எனக்கு அப்போது இருபது வயது. டபுள்ஸில் என் பார்ட்னர் ஊரில் ஒரு பேங்கில் வேலை பார்த்த அண்ணன். முப்பத்து நாலு வயது, நல்ல உயரம், அடி என்றால் அப்படி ஒரு அடி. அவர் ஸ்மாஷ் அடித்தால் வெளியே தகரத்தில் உட்கார்ந்திருக்கும் புறா பறக்கும்.

டபுள்ஸில் தாக்கும்போது ஒருவர் வலையை ஒட்டி நிற்பார், இன்னொருவர் பின்னால் நின்று அடிப்பார். முன்னால் நிற்பவன் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பந்து எங்கே என்று தெரியாமல் மனசு அடித்துக்கொள்ளும், திரும்பச் சொல்லும். திரும்பக் கூடாது. அண்ணன் இதை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். நூற்றியோராவது தடவை நான் திரும்பினேன். அவர் ஏற்கெனவே அடித்திருந்தார்.

இறகுப் பந்தின் எடை ஐந்து கிராம் பக்கம், விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம் வரை. பதினாறு இறகு, ஒரு கார்க். தரையில் விழுந்தால் சத்தம்கூட வராது. இதுவா கண்ணை என்ன செய்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தில் இதைவிட வேகமான பந்து எந்த மட்டை விளையாட்டிலும் கிடையாது. நம் சாத்விக் சாய்ராஜ் 2023இல் ஜப்பானில் சோதனைக்கு அடித்துக் காட்டிய ஒரு ஸ்மாஷ், மட்டையை விட்டபோது மணிக்கு 565 கிலோமீட்டர். இறகு காற்றைப் பிடித்து இழுப்பதால் எதிர்க் கோர்ட்டைத் தொடுவதற்குள் அந்த வேகம் வெகுவாக வடிந்துவிடும். அதனால்தான் எதிராளியால் எடுக்க முடிகிறது. பார்ட்னர் நிற்கும் தூரத்துக்குள் அவ்வளவாக வடியாது. டபுள்ஸில் என் கண்ணுக்கு எதிரி வலைக்கு அந்தப் பக்கம் இல்லை, எனக்குப் பின்னால்தான் நின்றான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

வலி? சுண்டுவிரலால் யாரோ சுண்டினாற்போல் இருந்தது. உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது டியூப் லைட்டைச் சுற்றிப் புகை. அண்ணன் ஓடி வந்து, "இமையைத் தூக்கு, இமையைத் தூக்கு" என்று கத்தினார். வெளியே காயம் இல்லை, ரத்தம் இல்லை. கேம் பதினொன்றுக்கு ஒன்பதில் நின்றது. நான் எழுந்து முடித்துக் கொடுத்தேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. தோற்றோம்.

வீட்டில் அம்மா முந்தானையைச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி ஊதி, சூடு ஆறுவதற்குள் கண்ணில் ஒற்றினாள். அப்பத்தா நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து இமை மேல் வைத்தாள். குளுகுளு என்று இருந்தது. இந்த இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். என் கண்பந்து கிழியாமல் இருந்ததால் அவை கெடுதல் செய்யவில்லை. கிழிந்திருந்தால் அந்த ஒற்றடமே போதும், உள்ளே இருப்பதை வெளியே தள்ள.

தப்பு திங்கட்கிழமைதான் நடந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை போக வேண்டும். அப்பாவுக்கு அன்று கான்கிரீட். மருந்துக் கடை அண்ணாச்சி ஒருவர் கண்ணை எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, கலங்கியிருக்கு" என்று ஒரு சொட்டு மருந்தும், வலி வந்தால் போடச் சொல்லி ஆஸ்பிரின் கலந்த மாத்திரையும் கொடுத்தார். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் சாமான். கண்ணுக்குள் கிழிந்த ரத்தக்குழாயை உடம்பு ஒரு சின்னக் கட்டியால் அடைத்து வைத்திருக்கிறது. நான் அதை இறுக விடாமல் வேளைக்கு ஒன்று விழுங்கிக்கொண்டிருந்தேன். போதாததற்கு செவ்வாய், புதன் இரண்டு நாளும் சைக்கிள் மிதித்து காலேஜ் போனேன். அடிபட்ட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அந்தக் கட்டி சுருங்கி இளகும் என்றும், மறு ரத்தப்போக்கு வருவது அப்போதுதான் என்றும், அது முதலாவதைவிட மோசமாக இருக்கும் என்றும் பின்னால் படித்தேன். புதன் ராத்திரி கண் வெடிப்பது போல் வலித்தது. வாந்தி. விளக்கைப் போட்டால் இடது கண்ணுக்கு விளக்கே இல்லை. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஏதோ ஒரு நிறம். அப்பா கண்ணாடியை எடுத்து வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே கோடு மறைந்துவிட்டது என்று புரிந்தது. மட்டம் நிரம்பிவிட்டது.

விடிகாலை பஸ்ஸில் மதுரை போய்ச் சேர்ந்தோம்.

மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் முட்டக் கொடுத்து உட்கார வேண்டும். மஞ்சள் சொட்டு ஒன்று விடுவார்கள். நீல வெளிச்சத்தோடு ஒரு சின்னக் கூம்பு வந்து கருவிழியைத் தொடும். கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்கிறார்கள். பத்திலிருந்து இருபத்தொன்றுக்குள் இருந்தால் சாதாரணம். எனக்கு நாற்பத்திரண்டு. கையில் ஊசி ஏற்றி ஒரு பாட்டில் மருந்தை வேகமாக இறக்கினார்கள். பாவை விரிய ஒரு சொட்டு, அழுத்தம் குறைய ஒரு சொட்டு, வீக்கத்துக்கு ஒரு சொட்டு. ஒரு வெள்ளை மாத்திரை. அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அண்ணன் பார்க்க வரும்போது வாங்கி வந்த பன்னீர் சோடா வாயில் இரும்புத் தண்ணீர் போல் சப்பென்று இருந்தது. கெட்டுப்போன சோடா என்று அவர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு, சோடா ருசியைக் கொன்றுவிடும் என்று நர்ஸ் அக்கா சொன்ன பிறகு திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார்.

முக்கிய வைத்தியம் வேறு: உட்கார்ந்தபடி தூங்குவது. முதுகுக்கு மூன்று தலையணை, கண் மேல் ஓட்டை போட்ட ஒரு தகரக் கவசம். தலை உயர்ந்திருந்தால் ரத்தம் கீழே படிந்து, நடுப் பார்வையை விட்டு விலகி, கண்ணின் சொந்த வடிகால் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். படுத்தால் பரவும். அழுத்தம் இறங்காமல் ரத்தமும் தேங்கி நின்றால் கருவிழிக்குள் அது ஊறி, வெள்ளை வேட்டியில் பட்ட டீக்கறை மாதிரி மாதக்கணக்கில் போகாதாம். அப்படி ஆகும் நிலை வந்தால் திறந்து கழுவ வேண்டியிருக்கும் என்றார்கள். ஐந்து ராத்திரி நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

வார்டுக்கு வரும் டாக்டரம்மா மேற்படிப்பு மாணவி. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஐந்து கிராம் பந்து எப்படி இவ்வளவு செய்தது என்று அப்பா கேட்டார். அப்பாவுக்கு எதையும் எடை போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

"நுங்கு சாப்பிடுவீங்கல்ல? நுங்குக் கண்ணுக்குள்ள கட்டை விரலை விட்டா என்னாகும்?"

"தண்ணி பீச்சும்."

"முஷ்டியை விட்டா?"

"உள்ள போகாதேம்மா. மட்டை தடுத்துரும்."

"அதான். இவரு கண்ணுக்குள்ள போனது கட்டை விரலு."

முப்பது வருஷமாகக் கண்ணைப் பற்றி நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாக இல்லை. கண் குழியின் வாய் சுமார் நாலு சென்டிமீட்டர் அகலம், மூன்றரை உயரம். ஏழு எலும்புகள் கூடிக் கட்டிய கூம்பு. விளிம்பு மட்டும் நல்ல கனம். கிரிக்கெட் பந்தின் குறுக்களவு ஏழு சென்டிமீட்டருக்கு மேல். அது வந்தால் பெரும்பாலும் புருவ எலும்பும் கன்ன எலும்பும் முதல் அடியை வாங்கிக்கொள்ளும். எலும்பு உடையலாம், கண்ணும் நசுங்கலாம், இருந்தாலும் விளிம்பு என்று ஒரு காவல் அங்கே நிற்கிறது. ஸ்குவாஷ் பந்து சரியாக நாலு சென்டிமீட்டர். அச்சில் வார்த்த மாதிரி குழிக்குள் உட்காரும். எங்கள் கார்க்கின் தலை இரண்டரை முதல் 2.8 சென்டிமீட்டர். அதற்கு எந்தக் காவலும் கிடையாது, நேரே கண்பந்துதான். டென்னிஸ் பந்து குழியைவிடப் பெரியது, ஆனால் இளகியது. மோதியதும் பிதுங்கி உள்ளே நுழையும். 'ரப்பர் பந்துதானே' என்று தெருவில் எந்தத் தாய் சொன்னாலும் எனக்கு அந்த நுங்குதான் ஞாபகம் வரும்.

உள்ளே என்ன ஆகிறது என்பதையும் டாக்டரம்மாவே கேஸ் ஷீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். கண்பந்து 24 மில்லிமீட்டர், உள்ளே முழுக்கத் திரவமும் கூழும். திரவத்தை அமுக்கிச் சின்னதாக்க முடியாது. முன்னாலிருந்து அடித்தால் அது பக்கவாட்டில் பிதுங்கும். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில், பழுப்பு நிறத் திரையான ஐரிஸ் கண்சுவரோடு சேரும் மூலை இழுபட்டுக் கிழிகிறது. ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும் இடம் அது. முன்னறையில் வழக்கமாக இருப்பது கால் மில்லி தெளிந்த நீர்; ரத்தம் அதில் கலந்து, பிறகு அடியில் படிகிறது. நான் கண்ணாடியில் பார்த்த கோடு அதுதான்.

பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, இடையில் சொல்லிவிடுகிறேன். நாம் கருவிழி என்று விரல் காட்டுவது அந்தப் பழுப்புத் திரையை. டாக்டர்கள் கருவிழி மாற்று என்று எழுதுவது அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஓட்டை, அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள கார்னியாவை. அதில் கறுப்பே கிடையாது. நடுவிலுள்ள கறுப்போ ஒரு ஓட்டை, வெறும் ஓட்டை. அதற்குப் பாவை என்று பெயர் வைத்தவர் யாரோ, எதிரே இருப்பவர் கண்ணில் தன் உருவம் பொம்மையாகத் தெரிவதைப் பார்த்திருக்க வேண்டும். லத்தீன்காரர்களும் அந்த ஓட்டைக்குச் சின்னப் பெண் என்றுதான் பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பாவை இன்றைக்கும் முழு வட்டமாக இல்லை. இடது பக்கம் முட்டை வடிவம். வெளிச்சத்துக்குச் சோம்பலாகச் சுருங்கும்.

வார்டில் எனக்கு அந்தப் பக்கம் ஒரு கபடிக்காரன், இந்தப் பக்கம் ஒன்பது வயதுப் பையன்.

கபடிக்காரனுக்கு எதிரணி ஆளின் முழங்கை. வெளியே பெரிய கறுப்பு வீக்கம். கண்பந்து தப்பிவிட்டது, குழியின் தரை உடைந்துவிட்டது. கன்னத்துக்குள் இருக்கும் காற்றறைக்கு அதுதான் கூரை. கோழிமுட்டை ஓடு மாதிரி மெலிந்த எலும்பு. மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் போகும், இன்னொன்று பாதியில் நிற்கும்; தசை உடைப்புக்குள் மாட்டிக்கொண்டது. ஒன்று இரண்டாகத் தெரிந்தது. கன்னமும் மேலுதடும் மரத்துக் கிடந்தன. மூக்கைச் சிந்தக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பழக்கத்தில் ஒரு காலை அவன் சிந்தினான். கண்ணெதிரில் இமை பலூன் மாதிரி உப்பியது. மூக்குக் காற்று உடைப்பு வழியாக ஏறிவிட்டது. தொட்டுப் பார்க்கச் சொன்னான்; தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குவது போல் இருந்தது. தரை உடைந்ததில் கண்ணுக்குள் ஏறிய அழுத்தம் கீழே இறங்கிவிட்டது, இல்லாவிட்டால் கண்ணே உடைந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் அப்பா, "தரை போனாப் போகுது, பூசிக்கிரலாம்" என்றார். கபடிக்காரன் வார்டே அதிரச் சிரித்தான். சிரித்தால் வலித்திருக்கும்.

பையன் சிரிக்கவில்லை. கிட்டிப்புள். செதுக்கிய கூர்முனை நேரே கார்னியாவைக் கிழித்துவிட்டது. கிழிசல் வழியாக ஐரிஸ் ஒரு நுனி வெளியே வந்து, கண்ணில் மிளகு ஒட்டியது போல் நின்றிருக்கிறது. தூசி என்று நினைத்து அவன் பாட்டி முந்தானை நுனியால் அதை எடுக்கப் பார்த்திருக்கிறாள். அவள் அதை வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள், யாராவது அது பரவாயில்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்று. தைத்தார்கள். லென்ஸ் உடைந்திருந்ததால் அதையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. கிழிந்த கண்ணைத் துடைக்காதே, கழுவாதே, அமுக்காதே, ஐஸ் வைக்காதே, கவசம் போல எதையாவது தொடாமல் மூடிக் கூட்டி வா என்று இப்போது என்னிடம் ஷட்டில் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவிடமும் சொல்கிறேன். பேப்பர் கப் போதும். சொல்லும்போதெல்லாம் அந்தப் பாட்டியின் முந்தானை நுனி தெரியும்.

அண்ணன் சனிக்கிழமைதோறும் வருவார், முதலில் வார்டுக்கு, பிறகு வீட்டுக்கு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பட்டோடி கதை சொல்வார். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் கார் மோதி, முன்கண்ணாடிச் சில்லு வலது கண்ணில் குத்திப் பார்வை போனவர். அதே வருஷக் கடைசியில் டெஸ்ட் ஆட வந்து, 1962 ஜனவரியில் மெட்ராஸில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார். அந்த மார்ச்சிலேயே இருபத்தொரு வயதில் கேப்டன். பந்து இரண்டாகத் தெரியுமாம், தொப்பியை இறக்கிக் கெட்ட கண்ணை மறைத்துக்கொண்டு ஆடுவாராம். எனக்கு தைரியம் சொல்ல வந்தவர், ஒவ்வொரு வாரமும் அதே கதையைச் சொல்லிவிட்டு, முடிவில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கோ டம்ளரைப் பிடிக்கக் கை நீட்டினால் இரண்டு விரற்கடை முன்னாலேயே விரல்கள் மூடிக்கொள்ளும். இரண்டு கண்ணும் சேர்ந்துதான் தூரத்தை அளக்கின்றன என்று புத்தகத்தில் படிப்பது வேறு, காபியைக் கட்டிலில் கொட்டுவது வேறு.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மூன்று விஷயம் சொன்னார். கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், திடீரென்று பூச்சிக் கூட்டம் பறந்தால், ஒரு பக்கமிருந்து திரை இறங்கினால், அன்றைக்கே வர வேண்டும். நாளைக்கு என்று சொல்லக் கூடாது. விழித்திரை பிரிவதன் அடையாளம். அடிபட்டவுடன்தான் வரும் என்றில்லை, மாதக்கணக்கில் கழித்தும் வரலாம். வலிக்காது.

அப்பா கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கினார். முப்பது டிகிரி என்றால் எத்தனை செங்கல் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு என் முகத்தருகே வந்து உட்கார்ந்து கோட்டைப் பார்ப்பார். "இன்னைக்கு ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். பதினோராம் நாள் கோடு இல்லை.

அந்தச் சித்திரையில் ஒரு கூத்து நடந்தது. விழித்திரை என்றால் என்ன என்று எனக்குப் பார்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி வாங்கப் போன அப்பாவிடம் கண் இரண்டையும் தனியாக வாங்கி வரச் சொன்னேன். கண் ஆபரேஷன் படிக்கிறவர்கள் ஆட்டுக்கண்ணில்தான் கை பழகுகிறார்கள் என்று வார்டில் கேட்டிருந்தேன். பின்திண்ணையில் தினத்தாளை விரித்து, பிளேடால் அறுத்தேன். வெள்ளைச் சுவர் செருப்புத் தோல் மாதிரி அறுபட மறுத்தது. அதைக் கிழிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது கைக்குத் தெரிந்தது. முன்னறையிலிருந்து ஒரு விரற்கடை தூரம் நீர் பீச்சியது. லென்ஸ் வழுக்கிக்கொண்டு வந்தது. அதைத் தினத்தாள் மேல் வைத்தால் கீழே இருந்த எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன. செத்த ஆட்டின் கண் தங்க விலையைப் படித்தது. அதற்குப் பின்னால் நுங்குக் கூழ் மாதிரி ஒரு கட்டி. அதைச் சரித்ததும், பின்சுவரில் ஒட்டியிருந்த ஒரு மெல்லிய ஆடை தானாகவே நழுவி மடங்கியது. பாலாடைதான். பின்னால் நரம்பு நுழையும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது கெட்டியாகப் பிடித்திருந்தது. இவ்வளவுதான் விழித்திரை. இதையா இத்தனை காலம் ஆட்டிக்கொண்டு ஓடினேன் என்று இருந்தது. ஆடை விலகிய இடத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு மினுமினுப்பு. இரவில் வெளிச்சம் பட்டால் ஆட்டுக்கண் மின்னுவது அதனால்தான், நமக்கு அது கிடையாது. அம்மா வந்து பார்த்துவிட்டு, குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். கண் இல்லாத தலைக்கறியை அன்று யாரும் விரும்பிச் சாப்பிடவில்லை.

மறு வருஷம் கிட்டங்கிக்குத் திரும்பினேன். ஆட்டம் பழையபடி வரவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, அதுவே பிழைப்பாகிவிட்டது. கபடிக்காரர்களும் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களும் நகக்கீறலோடு வருவார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் துடிப்பார்கள். கார்னியாவில் நரம்பு அவ்வளவு நெருக்கம். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். வெள்ளை விழி முழுக்க ரத்தக்கட்டாகி, பார்க்கிறவர்கள் அலறும்படி ஒரு பையன் வந்தான். டாக்டரிடம் காட்டினோம், பார்வை நன்றாக இருந்தது, பத்துப் பதினைந்து நாளில் தானாகப் போய்விட்டது. கத்துகிற கண்ணும் சிவந்த கண்ணும் என்னைப் பயமுறுத்துவதில்லை. சத்தம் போடாமல், பார்வை மங்குது சார் என்று ஓரமாக வந்து நிற்கிறவனைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. 2000இல் டாக்காவில் கும்ப்ளேயின் பந்து சபா கரீமின் வலது கண்ணைத் தாக்கியது. 2012 ஜூலையில் டான்டனில் மார்க் பவுச்சர் ஹெல்மெட் போடாமல் ஸ்டம்புக்கு அருகே நின்றார். இம்ரான் தாஹிர் பந்தில் பேட்ஸ்மேன் போல்டு. தெறித்தது பந்து இல்லை, பெய்ல். ஸ்டம்பு மேல் வைக்கும் சின்ன மரத்துண்டு. இடது கண்ணின் வெள்ளைச் சுவரே கிழிந்தது. டெஸ்டில் மட்டும் 555 பேரை அவுட்டாக்கிய கீப்பர் மறுநாளே ஓய்வு அறிவித்தார். அந்தச் செய்தியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா, "மரத்துண்டு எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டார்.

என் கோர்ட்டில் இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி. வீட்டில் போடும் பவர் கண்ணாடி உதவாது. உடைந்தால் அதுவே சில்லாகும். ஸ்குவாஷில் உலக சம்மேளனம் ஜூனியர்களுக்கும் டபுள்ஸுக்கும் கண்காப்பைக் கட்டாயமாக்கி வெகு காலமாயிற்று. பேட்மிண்டனில் அப்படி எதுவும் இல்லை, ஆகவே பெற்றோர்கள் என்னோடுதான் சண்டை போடுகிறார்கள். வியர்த்தால் மங்குகிறதாம், போட்டியில் யாருமே போடுவதில்லையாம், பிள்ளை சோடாபுட்டி மாதிரி தெரிகிறதாம். எட்கர் டேவிட்ஸ் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஃபுட்பால் ஆடும் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அவருக்கு கண்நீர் அழுத்த நோய். அது ஏன் என் சுவரில் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

எனக்கும் வரலாம் என்பதுதான் காரணம். ரத்தம் வடிந்த பிறகு, கண்ணின் மேல் கண்ணாடி பதித்த ஒரு குமிழை வைத்து, அந்தக் கிழிந்த மூலையைப் பார்த்தார்கள். கடிகாரக் கணக்கில் சொன்னார்கள்: ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை மூலை பின்வாங்கியிருக்கிறது. கண்நீர் வடியும் சல்லடை அங்கேதான். அந்தச் சல்லடை வருஷக்கணக்கில் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அடைபடலாம். அழுத்தம் ஏறும், வலிக்காது, ஓரப் பார்வை போகும். ஆகவே ஆயுள் முழுக்க வருஷத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். இருபது வயது ஆளிடம் ஆயுள் முழுக்க என்று சொன்னால் என்ன புரியும்? தலையாட்டினேன்.

ஆனால் ஒரு வருஷமும் தவறியதில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை. மாசி பிறந்தால் அண்ணன் போன் வரும். ரிட்டையர்ட் ஆகி மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் அதன் பிறகு மட்டையைத் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அப்பா இறந்த வருஷத்திலும், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் போன் செய்து, போயிட்டு வந்துட்டியா என்றார்.

இந்த வருஷம் பரிசோதனை முடிந்து, விரிந்த பாவையோடு வெயிலுக்குக் கண் கூசி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு நானே கூப்பிட்டேன்.

"எவ்வளவு?"

"பதினெட்டுண்ணே."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் பதினாறு. அதுக்கு முந்தி பதினஞ்சு" என்றார். "ஆறு மாசத்துல இன்னொரு தடவை பாத்துரு."